ஊதாக் கோடு

அத்தான் ஏன் இன்னும் வரவில்லை என்று யார் கேட்டாலும் என் அக்காவிடம் ஒரே பதில்தான். "வண்டி எங்கேயாவது நின்னு போயிருக்கும். அதை அப்படியே போட்டுட்டு வெறுங்கையோட வர அவருக்கு மனசு வராது."

கேட்டவர்கள் 'உச்' கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு என்ன போச்சு? எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அந்த வண்டியின் எஞ்சினை இறக்கி, துண்டு துண்டாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டிக் கொடுத்தவன் நான். நான் கை வைத்த எஞ்சின் நடுவழியில் நிற்காது. தற்பெருமை என்கிறீர்களா? இருந்துவிட்டுப் போகட்டும். கையெல்லாம் கிரீஸும் நகமெல்லாம் கறுப்புமாகத் திரிகிறவனுக்கு அதாவது மிஞ்ச வேண்டாமா?

"அக்கா, நான் கை வெச்ச எஞ்சின் நிக்காதுக்கா" என்பேன்.

"உனக்கு உன் எஞ்சின்தான் பெரிசு" என்பாள்.

அதற்கு மேல் வாயைக் கொடுத்தால் இரண்டு நாளைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. மூன்றாம் நாள் என் பட்டறைத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானே போய் நிற்பேன். என் அழுக்கு உடுப்பு, எண்ணெய் துடைத்த வேஸ்ட் துணி எல்லாமே அக்கா கடையில்தான் வெளுக்கும். அதற்கென்று தனியாக ஒரு தொட்டியே வைத்திருக்கிறாள். "வந்துட்டான், கறை ராஜா" என்று முனகிக்கொண்டே மூட்டையை வாங்கிக்கொள்வாள். சண்டை தீர்ந்தது என்று அர்த்தம்.

கறை விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. படுக்கை விரிப்பைக் கையில் எடுத்ததும் இது காப்பி, இது மருந்து, இது கண்மை என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை என் உடுப்பில் இருந்த குங்குமப்பூ ஐஸ்கிரீமைக் கண்டுபிடித்து, "சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறவனுக்கு இது எதுக்கு?" என்று என் மனைவியிடம் போட்டுக் கொடுத்தவள்.

அத்தானைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. சலவைக் கடையை இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். தங்கும் விடுதிகள், ஒரு ஆஸ்பத்திரி. அங்கிருந்து அழுக்குத் துணியை வாங்கி வந்து, வெளுத்து, மடித்து, திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அதற்காக ஒரே மாடலில், ஒரே நீல நிறத்தில் இரண்டு பழைய வேன் வாங்கினார்கள். உள்ளூர் நடை அக்காவுக்கு, வெளியூர் நடை அத்தானுக்கு. அந்த மாடலில் எஞ்சின் முன் சீட்டுகளுக்கு நடுவே ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். அத்தான் சாப்பாட்டு டப்பாவை அந்த மூடியின் மேல் வைத்துவிடுவார். மதியம் வரைக்கும் சூடு ஆறாது. "சமைக்கிறது உங்க அக்கா, சூடு பண்றது டாக்டர்" என்று என்னைக் காட்டிச் சிரிப்பார். என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். எஞ்சினுக்கு டாக்டராம்.

பேசிப் பேசியே சிரிக்க வைத்து வயிற்றைப் புண்ணாக்குகிற மனுஷன். ஆனால் கால் ஓரிடத்தில் தரிக்காது. வீட்டில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருந்துவிட்டால் மூன்றாம் நாள் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா அதைக் கவனிக்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

ஒருமுறை வெளியூர் போய் வரும்போது அவளுக்கு நெயில் பாலிஷ் வாங்கி வந்தார். என்ன நிறம் தெரியுமா? ஊதா. போதாததற்கு உள்ளே ஜிகினா. "இதைப் பூசிக்கிட்டு நான் ஆஸ்பத்திரிக்குத் துணி கொடுக்கப் போனா, என்னையும் ஒரு கட்டில்ல படுக்க வெச்சுடுவாங்க" என்று அக்கா சண்டை பிடித்தாள். நன்றாகச் சண்டை பிடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கால் விரல்களுக்குப் பூசிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். நான் பார்த்தேன், அத்தானும் பார்த்தார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் குப்பியைக் காலி பண்ணிய புண்ணியவான் நான்தான். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. போல்டை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் சின்னதாக ஒரு கோடு இழுத்துவிடுவோம். நாளைக்கு யாராவது அதைக் கழற்றி மறுபடி பூட்டினால் கோடு பழையபடி சேராது, விலகி நிற்கும். யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எல்லோரும் வெள்ளைப் பெயின்ட்டில்தான் கோடு போடுவார்கள். அத்தானின் எஞ்சினைப் பூட்டிய அன்றைக்கு என் பெயின்ட் காய்ந்து கல்லாகியிருந்தது. அக்கா வீட்டு அலமாரியில் இந்தக் குப்பி கண்ணில் பட்டது. எடுத்தேன், போட்டேன், எஞ்சின் முழுக்க ஊதாக் கோடு.

அன்றைக்கு அக்கா ஆடின ஆட்டம் இருக்கிறதே! "ஊர்ல பெயின்டே கிடைக்கலையாடா உனக்கு? இரும்புக்குப் பூசவா அவர் வாங்கிட்டு வந்தார்?"

அத்தான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "விடு. இனிமே வெளியூர் போனாலும் நீ கூட வர்ற மாதிரிதான்" என்றார்.

அந்த வண்டியில்தான் போனார். கடற்கரை விடுதிகளுக்குத் துணியைக் கொடுத்ததாக அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வர வேண்டியவர் வரவில்லை. தேடினோம், விசாரித்தோம், புகார் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து என் பட்டறைக்கு ஒரு போன். "டாக்டரே, அக்காவைப் பார்த்துக்கோங்க. நான் வர நாளாகும்." நான் "அத்தான்" என்பதற்குள் வைத்துவிட்டார்.

வர நாளாகும். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு அக்கா எட்டு வருஷம் ஓட்டினாள். "நாளாகும்னா வருவேன்னுதானே அர்த்தம்? வண்டி நின்னு போச்சு, சரி பண்ணிட்டு வருவார். வேற என்ன?" என்று என்னையே திருப்பிக் கேட்பாள். சொந்தபந்தம் எல்லாம் அவரை எப்போதோ கை கழுவிவிட்டது. என் மனைவி ஒருநாள் இழுத்து இழுத்து, "அவருக்கு வேற எங்கேயாவது..." என்று ஆரம்பித்தாள். அக்கா எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். பானை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, அவள் குழாயை மூடவே இல்லை.

எனக்கும் அவர்மேல் கோபம்தான். நேரில் பார்த்தால் சட்டையைப் பிடித்துவிடுவேன். ஆனால் ரோட்டில் யாராவது யாரையாவது "டாக்டர்" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறேன். வெட்கங்கெட்ட கழுத்து.

போன மழைக்காலத்தில் அக்காவின் வேன் படுத்துவிட்டது. மேட்டில் ஏறும்போது உள்ளே ஏதோ ஒடிந்து, எஞ்சினின் பக்கச் சுவரையே பொத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. 'ஒருதடவை இறக்கிப் பார்த்துடறேன்' என்று எத்தனை வருஷமாக முட்டிக்கொண்டேன்! ஒரு நாள் வண்டியை விட்டுக் கொடுத்தாளா? இனி ஒட்டுப் போட்டுப் பிழைக்க வைக்கிற கதையே இல்லை. அந்த மாடலுக்குப் புது எஞ்சின் வருவதும் நின்றுபோய்விட்டது. ஒரே வழி, அதே மாடலில் எங்கேயாவது அடிபட்டு மூலையில் கிடக்கிற வேன் ஒன்றை முழுசாக வாங்கி, அதன் எஞ்சினை எடுத்து இதில் பொருத்துவது. அதுவரைக்கும் வாடகை வண்டியில் துணி போனது. துணி லேட்டானதற்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் முகத்தைத் தூக்கினார்கள்.

"நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்றேன்.

"நானும் வர்றேன்" என்றாள்.

"எஞ்சினைப் பார்த்து உனக்கு என்னக்கா தெரியும்?"

"என் வண்டிக்கு வாங்குறது. நான் பார்க்காம எப்படி?"

நியாயம்தானே என்று விட்டுவிட்டேன். அங்கேதான் பிடித்தது சனி.

முதல் வண்டி ஒரு தச்சருடையது. எஞ்சின் பரவாயில்லை. "வேண்டாம், என்னமோ வாடை அடிக்குது" என்றாள். எஞ்சினில் என்ன மல்லிகை வாசமா அடிக்கும்? அடுத்தது ஒரு பேக்கரிக்காரருடையது. "விக்கிறவர் முகமே சரியில்லை." நாம் அவர் முகத்தையா பொருத்தப் போகிறோம்? மூன்றாவது எஞ்சினைக் கேட்டபோது எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது, அப்படி ஒரு சுத்தமான ஓட்டம். அக்கா வண்டியைச் சுற்றி வந்து, "இந்தச் சிவப்பு எனக்குப் பிடிக்கலை" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். என்னமோ பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி ஒவ்வொரு இடத்திலும் நொட்டை சொல்லிக்கொண்டு வந்தாள்.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். அவள் எஞ்சின் பக்கமே வருவதில்லை. போனதும் நேராக இடது பக்கக் கதவைத் திறப்பாள். கதவின் உட்பக்கத்தில், கண்ணாடிக்குக் கீழே, உள்ளங்கையால் தூசியைத் துடைப்பாள். குனிந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு நிமிரும்போது முகம் விழுந்திருக்கும். அதற்கப்புறம்தான் வாடை, முகம், சிவப்பு எல்லாம்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. நான் மக்கு. முட்டைக்காரர் வீட்டில்தான் புரிந்தது.

முட்டை மொத்த வியாபாரம் பண்ணுகிறவர் அவர். பச்சை வேன். பின்னால் லாரி இடித்து, பின்பாதி நசுங்கிப் போயிருந்தது. முன்பாதியில் ஒரு கீறல் இல்லை. சாவியைத் திருப்பினார், எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கும் கோழி இறகும் அப்பியிருந்தன. நான் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே அப்படி ஓர் அமைதி. எங்கேயோ கேட்ட மாதிரிகூட இருந்தது. நல்ல எஞ்சின் எல்லாம் ஒரே மாதிரிதான் ஓடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா இடது கதவைத் திறந்தாள். துடைத்தாள். குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"வேண்டாம்டா. முட்டை நாத்தம்."

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம்! முட்டைக்காரர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. "உனக்கு என்னதான் வேணும்? ஒவ்வொரு வண்டியிலயும் அந்தக் கதவுல என்னத்தைத் தேடுறே? எஞ்சின் இங்க இருக்கு, நீ அங்க பார்க்கிறே! உனக்கு எஞ்சின் வேணுமா, அத்தான் வேணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லு!"

ஒரு வேகத்தில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "ரெண்டும் வேணும்டா" என்றாள்.

முட்டைக்காரர் நல்ல மனுஷர். "உள்ளே ஒரு வேலை இருக்கு, இதோ வர்றேன்" என்று நகர்ந்துவிட்டார். அக்கா காலியாகக் கிடந்த ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஞாயித்துக்கிழமையில நானும் அவரோட வண்டியில போவேன்ல? கையை ஜன்னல்ல வெச்சுக்கிட்டே போவேன். வளையல் உரசி உரசி கதவு உள்பக்கம் பெயின்ட் எல்லாம் கீறிப் போச்சு. அவர் ஒவ்வொரு தடவையும் திட்டுவார். வெளியில எத்தனை தடவை பெயின்ட் அடிச்சாலும் கதவு உள்ளே யாரும் அடிக்க மாட்டாங்கன்னு நீதானே சொல்லியிருக்கே."

நான் திறந்து கிடந்த அந்த இடது கதவைப் பார்த்தேன்.

"அந்த வண்டி கிடைச்சா, யார் கிட்ட வாங்கினீங்க, எந்த இடத்துல நின்னுச்சுன்னு கேட்கலாம்ல?"

"கேட்டு?"

"போய்க் கூட்டிட்டு வந்துடுவேன். ஏன் வரலைன்னுகூடக் கேட்க மாட்டேன்டா. சத்தியமா கேட்க மாட்டேன். சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேட்பேன்."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அவளே எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். "சரி, இதையே பேசி முடி. துணி தேங்கிக் கிடக்கு. இனிமே நான் எந்த வண்டியும் பார்க்க வரலை."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. எட்டு வருஷமாக எதிரே எந்த நீல வேன் வந்தாலும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறவள் அவள். அன்றைக்கு இரண்டு நீல வேன் போனது. மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். 'அப்பாடா, விட்டுவிட்டாள்' என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு என்னவோ அவளைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கேயோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

பச்சை வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் போட்டேன். எஞ்சினை இறக்கித் தொங்கவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிசுக்கு சேறு மாதிரி வழிந்தது. இறகு, வைக்கோல், முட்டை ஓடு. இன்னொரு தடவை தேய்த்தேன். முதல் போல்டின் தலையில் ஏதோ மின்னியது.

ஜிகினா.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம் கையெழுத்தை யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் பார்த்தால் வருமே, அப்படி. அடுத்த போல்டைத் தேய்த்தேன். ஊதா. அடுத்தது. ஊதா. அத்தானின் எஞ்சின். பச்சை வண்டிக்குள் அத்தானின் எஞ்சின்! அக்கா அதன் பக்கத்தில் மரப்பெட்டி போட்டு உட்கார்ந்து, அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழாமல் பேசியிருக்கிறாள்.

ஓடிப்போய் அவளிடம் சொல்லத்தான் எழுந்தேன். எழுந்தவன் அப்படியே நின்றேன். கோடுகள் நேராக இருந்தன. விளக்கைக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொரு வண்டியில் பூட்டியிருக்கிறார்கள், அந்த போல்டுகள் மாறியிருந்தன. ஆனால் எஞ்சினுக்குள்ளே போகிற ஒரு போல்டிலும் கோடு ஒரு மயிரிழைகூட விலகவில்லை. நான் பூட்டிய அன்றிலிருந்து அதற்குள் யாரும் கை வைத்ததில்லை. கை வைக்கத் தேவையே வந்ததில்லை.

நான் கை வைத்த எஞ்சின் நிற்கவே இல்லை.

எட்டு வருஷச் சண்டையில் ஜெயித்துவிட்டேன். எண்ணெய்த் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஏன்டா இவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

முட்டைக்காரருக்குப் போன் போட்டேன். "அந்த எஞ்சினா? என் பழைய எஞ்சின் போன பிறகு, ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பழைய வண்டி உடைக்கிற இடத்துல வாங்கினது தம்பி. ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார். அரை நாள் பயணம். 'சாமான் வாங்கப் போறேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டு மறுநாள் கிளம்பிப் போனேன்.

அந்த இடத்தை நடத்துவது ஓர் அம்மா. எடை போடுகிற மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, சுற்றிலும் கதவும் பம்பரும் குவிந்து கிடக்க, நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். தினம் எத்தனையோ வண்டி வருகிற இடம், ஞாபகம் இருக்காது என்றுதான் நினைத்தேன். நீல வேன், கதவு உட்பக்கம் கீறல் என்றதும் சிரித்துவிட்டார்.

"அந்தச் சிரிப்புக்காரரா? அவரை எப்படி மறக்கிறது? அவரே ஓட்டிக்கிட்டு வந்தார் தம்பி. வண்டி கல்லு மாதிரி இருந்துச்சு. இவ்வளவு நல்லா ஓடுற வண்டியை எதுக்கு உடைக்கக் கொடுக்கறீங்கன்னு நானே கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஸ்டியரிங் ஒரே பக்கமா இழுக்குதுன்னார். எந்தப் பக்கம்னு கேட்டா, வீட்டுப் பக்கம்னார். ஆறு வருஷமா அதோட மல்லுக்கட்டி முடியலையாம். எனக்கு ஒண்ணும் புரியலை. எங்க ஆளை விட்டு ஓட்டிப் பார்த்தேன், எந்தப் பக்கமும் இழுக்கலை. எஞ்சினை மட்டும் உடைச்சுடாதீங்க, அதைப் பூட்டினது பெரிய டாக்டர்னு சொல்லிட்டு, நடந்தே போயிட்டார்."

"எங்கே போனார்?"

"பாலத்துப் பக்கமா. அப்புறம் ரெண்டு மூணு தடவை அங்க இருக்கிற லாரி நிறுத்தத்துல பார்த்தேன். இப்பவும் இருக்காரோ என்னமோ. கூப்பிட்டு விசாரிக்கவா?"

வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சட்டையைப் பிடிப்பேன் என்று வீரம் பேசினவன், லாரி நிறுத்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். ஆறு வருஷம் நிற்காத வண்டி. அரை நாள் தூரத்தில் வீடு. வர முடியாமல் இல்லை, வரவில்லை. இதை அக்காவிடம் எந்த வாயால் சொல்வது?

பட்டறைக்கு வந்ததும் பெயின்ட் கரைக்கிற தின்னரை எடுத்தேன். ஒரு வேஸ்ட் துணியை நனைத்து ஊதாக் கோடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். என் தொழிலில் நான் செய்த நல்ல வேலைக்கு இருந்த ஒரே சாட்சி அது. அதை நானே அழித்தேன். அவள் 'நின்னு போயிருக்கும்' என்றே சொல்லிக்கொண்டு இருக்கட்டும். என் பெயர் கெட்டால் கெட்டுவிட்டுப் போகட்டும், அதில் என்ன குடி முழுகிப் போகிறது?

அப்புறம் எஞ்சினை அக்காவின் வேனில் ஏற்றிப் பூட்டினேன். வெள்ளைப் பெயின்ட்டில் புதுக் கோடு போட்டேன். அக்கா வந்து சாவியைத் திருப்பினாள். உடனே பிடித்துக்கொண்டது. அவள் எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சத்தமே இல்லாம ஓடுதேடா."

"ம்" என்றேன்.

"அவர் வண்டியும் இப்படித்தான் ஓடும்" என்றாள். கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை மூடியின் மேல் வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனாள்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எல்லாவற்றையும் மறைத்தவன், கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? வாரக் கடைசியில் வழக்கம்போல அழுக்கு உடுப்பு, வேஸ்ட் துணி எல்லாவற்றையும் வாரி மூட்டை கட்டி அக்கா கடையில் போட்டுவிட்டு வந்தேன். எத்தனை வருஷப் பழக்கம்! கை பாட்டுக்குச் செய்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் அக்கா கூப்பிட்டனுப்பினாள். போனபோது கடையில் வேறு யாரும் இல்லை. இஸ்திரி மேஜையில் ஆஸ்பத்திரி விரிப்புகள் மடித்து அடுக்கியிருந்தன. தொட்டியில் என் உடுப்புகள் ஊறிக்கொண்டிருந்தன. அந்த ஒரு துணி மட்டும் ஊறவில்லை. மேஜை விளிம்பில் விரித்து வைத்திருந்தாள்.

"இது என்ன கறை?"

"பெயின்ட்க்கா."

"பெயின்ட்ல ஜிகினா இருக்குமா?"

நான் தொட்டியைப் பார்த்தேன்.

"தின்னர் வாடை அடிக்குது. தின்னர் போட்டுத் துடைச்சிருக்கே. எங்கேயிருந்துடா துடைச்சே?" வாசலில் நின்ற வேனைக் கண்ணால் காட்டினாள். "அதுல இருந்தா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோடு நேரா இருந்துச்சா?"

அந்தக் கேள்வியைத்தான் கேட்பாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னோடு சண்டை போட்டுப் போட்டே என் தொழிலைக் கற்றுக்கொண்டவள் அவள். இந்தப் பொய்யையாவது சொல்லித்தான் தீர வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"இல்லைக்கா. எல்லாக் கோடும் விலகியிருந்துச்சு. யாரோ எஞ்சினைப் பிரிச்சிருக்காங்க. நீ சொன்ன மாதிரி எங்கேயோ நின்னுதான் போயிருக்கு. நான்தான் அன்னைக்கு வேலையை ஒழுங்கா செய்யலை. அந்த வெட்கத்துலதான் துடைச்சேன்."

அக்கா என்னையே பார்த்தாள். சின்ன வயசில் நான் பொய் சொன்னால் பார்ப்பாளே, அதே பார்வை. கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"போடா. நீ கை வெச்ச எஞ்சின் நிக்காதுடா."

எட்டு வருஷமாக இந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றவன் நான். கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

அவள் ஒரு விரிப்பை எடுத்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுப் பக்கம் இழுத்ததாமே, ஆறு வருஷம் இழுத்ததாமே, அதையாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"அக்கா, அந்த எஞ்சினை வித்த இடத்துக்கு நான் போயிட்டு வந்தேன். அவர் இப்போ எங்கே..."

"சொல்லாதே."

"இல்லைக்கா, அவர் அங்கே ஒண்ணு சொன்னாராம்..."

"சொல்லாதேன்னா சொல்லாதே." விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "சொன்னா நான் கிளம்பிடுவேன்டா. வண்டி வேற நல்லா ஓடுது."

அவள் ஊதாக் கறை பட்ட துணியைத் தொட்டியில் போடவில்லை. நாலாக மடித்து, அலமாரியில் தன் பைக்குள் வைத்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நின்னுக்கிட்டு என்ன பண்றே, போய் வண்டியைத் திருப்பி நிறுத்து. ஆஸ்பத்திரித் துணி ஏத்தணும்" என்றாள்.

போய்த் திருப்பி நிறுத்தினேன்.